பாலைப்பழத்துக்கு இங்கிலீஷ் என்ன மாமா?

கன நாளா எழுதோணும் எழுதோணும் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்த விசயம் இது. ஊரில சின்னப் பிள்ளையளோட வெளிநாட்டுக்கு வெளிக்கிட நிக்கிற ரெண்டு மூண்டு குடும்பம் "சேர், உங்கட மருமகளுக்கு என்னத்தைச் சொல்லிக் குடுத்தனீங்கள், எங்கட பிள்ளைக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்கோவன்" எண்டு வந்தவை, ஒவ்வொருத்தருக்கும் முழுக்கதையும் சொல்லி வாய் நோகுது, ஒருக்கா எழுதி வைச்சா இனி இதை வாசியுங்கோ எண்டு சொல்லி விடலாம், அந்தப் பஞ்சிதான் காரணம். முதலே சொல்லிப்போடுறன், லண்டனுக்குப் போன தங்கச்சியின்ர பிள்ளைக்கு நான் சொல்லிக் குடுத்ததில அரைவாசிக்கு மேல வீண். மிச்ச அரைவாசியில முக்கியமானது கனக்க இங்கிலீஷே இல்லை.

நான் ஆங்கில ரீச்சர். முல்லைத்தீவு மாவட்டத்தில ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில ஆறாம் வகுப்பில இருந்து மேல எடுக்கிறன், வீடு முள்ளியவளை. தங்கச்சியும் பிள்ளையும் அம்மாவும் நானும் ஒரே வீடுதான். மச்சான் லண்டனில ஈஸ்ட்ஹாம் பக்கம், அங்க நிரந்தர வதிவிடம் கிடைச்ச ஆள். 2024 ஏப்ரல் 11ஆம் திகதியோட மனிசியைக் கூப்பிடுறதுக்குக் காட்டவேண்டிய வருமானத்தை 18,600 பவுண்ல இருந்து 29,000 பவுண்ணுக்கு ஏத்தப்போறாங்கள் எண்ட செய்தி வந்த உடன மனுசனுக்கு நித்திரை இல்லை, என்ன விழுந்தடிச்சும் பங்குனிக்குள்ள விண்ணப்பத்தைப் போடோணும் எண்டு ஒரே போன். அதுக்குத் தங்கச்சி ஏ1 எண்ட ஆரம்ப நிலை இங்கிலீஷ் சோதினை பாஸ் பண்ணோணும், கதைக்கிறதும் கேக்கிறதும் மட்டும்தான், எழுத்து இல்லை. நாலு வயசுப் பிள்ளைக்கு ஒரு சோதினையும் இல்லை.

அந்தச் சோதினைக்கு லைஃப் ஸ்கில்ஸ் எண்டு பேர், அதில ரெண்டு பேரை ஒண்டா இருத்தித்தான் கேள்வி கேப்பினம், பதினாறு பதினெட்டு நிமிசம், ஒருத்தரை ஒருத்தர் கேள்வி கேட்டும் கதைக்கோணும். வீட்டில பழகிறதுக்கு மற்ற ஆள் ஆர்? நான் சோதினைகாரர், தங்கச்சி ஒரு கதிரை, மற்றக் கதிரையில மருமகள். காலும் நிலத்தில முட்டாது, ஆட்டி ஆட்டிக்கொண்டு "வாட் டு யூ லைக்?" எண்டு தாயைக் கேப்பாள், தாய் "ஐ லைக் ரீ" எண்டுவாள், இவள் உடன "பொய், அம்மாக்கு கோப்பிதான் விருப்பம்" எண்டு தமிழில போட்டுக் குடுப்பாள். தங்கச்சி கொழும்பில போய் பாஸ் பண்ணிக்கொண்டு வந்திட்டாள். மருமகள் அந்த ஒரு மாசத்தில பக்கத்தில இருந்து பிடிச்சதுதான் அவள் உருப்படியாப் படிச்ச முதல் இங்கிலீஷ் எண்டு எனக்குப் பிறகுதான் விளங்கினது, ஏனெண்டா அப்ப ஒருத்தரும் அவளுக்குப் படிப்பிக்கேல்லை.

படிப்பிக்க வெளிக்கிட்டது அதுக்குப் பிறகு. விண்ணப்பம் போட்டாச்சு, விசா வர ஆறு மாசம் செல்லலாம், இங்கிலாந்தில பள்ளிக்கூடம் புரட்டாதியில துவங்கிறது, நாலு வயசு முடிஞ்ச பிள்ளையை ரிசெப்ஷன் எண்ட வகுப்பில சேர்ப்பினம். இஞ்ச எண்டா இன்னும் முன்பள்ளியில மணலுக்க விளையாடிக்கொண்டு இருக்கிற வயசு. எனக்கு வந்த வேகத்தைப் பாக்கோணும். ரவுணுக்குப் போய் ஏ ஃபோர் அப்பிள் சார்ட் ஒண்டு, கோடு போட்ட கொப்பி நாலு, பென்சில் ஒரு பெட்டி. காலமை அஞ்சரைக்கு எழுப்பி அரை மணித்தியாலம், பின்னேரம் அரை மணித்தியாலம். கிழமையில ரெண்டு நாள் ரவுணில ஒரு இங்கிலீஷ் மீடியம் நேசரிக்கும் ஓட்டோவில அனுப்பினம், அங்க முப்பது பிள்ளையளை வரிசையா இருத்திக் கோரஸா ரைம்ஸ் கத்த விடுறது, மாசக் காசு வாங்கிற நேரம் மட்டும் அந்த மிஸ் எங்களோட இங்கிலீஷ்ல கதைக்கிறவா.

ஒரு மாசத்தில பிள்ளை இருபத்தாறு எழுத்தும் சொல்லும், ஒண்டில இருந்து அம்பது வரைக்கும் சொல்லும், பத்து நிறம் சொல்லும். வீட்டுக்கு ஆர் வந்தாலும் கூப்பிட்டு சொல்லிக் காட்டச் சொல்லி எனக்குப் புழுகம். ஒருநாள் மச்சானின்ர சிநேகிதர் ஒருத்தர் லண்டனில இருந்து வந்தவர் வீட்டுக்கும் வந்து, குனிஞ்சு, சும்மா அன்பா "ஹாய், ஆர் யூ ஹங்க்ரி?" எண்டு கேட்டார். இவள் நெஞ்சை நிமித்திக்கொண்டு "மை நேம் இஸ்" எண்டு துவங்கி, பேர் சொல்லி, வயசு சொல்லி, முள்ளியவளை வரைக்கும் ஒரே மூச்சில சொல்லி முடிச்சாள். எல்லாரும் சிரிச்சினம். நானும் சிரிச்சன்தான், ஆனா உள்ளுக்க ஏதோ பழசு ஒண்டு இடிச்சது.

2009 இல எனக்குப் பத்தொம்பது வயசு. செட்டிகுளத்தில முகாம், தறப்பாள் கொட்டில். எங்கட வரிசைக்கு ரெண்டு நாளா தண்ணி பவுசர் வரேல்லை, ஆரோ ஒரு வெள்ளைக்கார மனிசி கொப்பியோட வந்து நிண்டு ஏதோ கேக்கிறா, எல்லாரும் "தம்பி நீ இங்கிலீஷ்ல கெட்டிக்காரன், நீ சொல்லு" எண்டு என்னைத் தள்ளி விட்டினம். ஓ லெவல் வரைக்கும் இங்கிலீஷ் படிச்சு நல்ல ரிசல்ட் எடுத்தவன். வாயில வந்தது "மை நேம் இஸ்". அதுக்குப் பிறகு ஒண்டும் வரேல்லை. மனிசி சிரிச்சிட்டு என்ர பேரை எழுதிக்கொண்டு போட்டா. ஆங்கிலம் படிப்பிக்கிற வேலைக்கு நான் வந்ததுக்கு அந்த நாள் ஒரு காரணம் எண்டு ஆக்களுக்குச் சொல்லுறனான், ஆனா பன்னிரண்டு வருசமா வகுப்பில நானும் அதையேதான் படிப்பிச்சுக்கொண்டு இருந்திருக்கிறன்.

(பகிடி என்னெண்டா எங்கட வயசு வன்னிப் பிள்ளையளுக்கு ஒருத்தரும் படிப்பிக்காமலே வடிவாத் தெரிஞ்ச இங்கிலீஷ் சொல்லுகள் கொஞ்சம் இருந்தது: பங்கர், செல், யூஎன், செஞ்சிலுவைச் சங்கத்தின்ர ஐசிஆர்சி. குண்டு போட்ட கிபிர் விமானத்தின்ர பேரும் இங்கிலீஷ் எண்டுதான் நான் நினைச்சுக்கொண்டு இருந்தனான், அது ஹீப்ரு சொல்லாம், சிங்கக்குட்டி எண்டு அர்த்தமாம்.)

வைகாசியில வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல். சனம் எண்டா சனம், இவளைத் தோளில வைச்சுக்கொண்டு நடந்தன், கொஞ்ச நேரத்தில காதுக்க குனிஞ்சு "மாமா சூ வருது, கெதியா" எண்டாள். சனத்தை விலத்திக்கொண்டு ஓடி ஒரு மாதிரி அலுவலை முடிச்சு, திரும்பி வரேக்க எனக்கு ஒரு யோசனை: இதைத்தான் இவள் அங்க முதல் நாளே சொல்லோணும். முப்பது பிள்ளையளுக்க, தெரியாத ஒரு ஆளிட்ட, தெரியாத மொழியில. அவளுக்கு பர்ப்பிள் எண்டு தெரியும், எலிஃபன்ற் எண்டு தெரியும், நாப்பத்தேழு எண்டு தெரியும். இது தெரியாது. அண்டிரவு சார்ட்டைக் கழட்டிச் சுருட்டி அலுமாரிக்கு மேல போட்டன், அது இப்பவும் அங்கதான் கிடக்கு.

அதுக்குப் பிறகு நாங்கள் எடுத்தது பத்துப் பன்னிரண்டு வசனம்தான். ரொய்லெட்டுக்குப் போகலாமா, தண்ணி வேணும், நோகுது, எனக்கு விளங்கேல்லை, உதவி செய்யுங்கோ, நானும் விளையாட வரட்டா, என்ர அம்மா எங்க. இன்னொண்டு மச்சானின்ர சிநேகிதர் சொல்லித் தந்தது, ஆரும் தள்ளினா அடிச்சா கையை முன்னுக்கு நீட்டி "ஸ்ரொப், ஐ டோன்ட் லைக் இற்" எண்டு சத்தமாச் சொல்லோணும், அங்க பள்ளிக்கூடத்திலயே அதைத்தான் சொல்லிக் குடுக்கிறவையாம். எங்கட பிள்ளையளுக்கு இது லேசில வராது, ஒண்டில் அழுவினம், இல்லாட்டி திருப்பி அடிப்பினம், இல்லாட்டி வீட்டில வந்து சொல்லுவினம். இவளை முத்தத்தில நிப்பாட்டி நான் மெல்லத் தள்ள, கையை நீட்டிக் கத்தப் பழக்கினன், பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால எட்டிப் பாத்து "சேர் பிள்ளையை என்ன செய்யிறியள்" எண்டு கேக்கிற அளவுக்குக் கத்தினாள்.

கொப்பி இல்லை, நேரம் இல்லை, அந்தந்த அலுவல் வாற நேரத்தில அந்தந்த வசனம். தண்ணி வேணுமெண்டா குசினியில என்னட்ட வந்து இங்கிலீஷ்ல கேக்கோணும், அம்மம்மாட்ட தமிழில கேக்கலாம். முதல் ரெண்டு நாள் அவள் அம்மம்மாட்டயே போனாள், விசரியோ? பேந்து அம்மம்மாவும் விளையாட்டுக்குச் சேர்ந்து "எனக்குத் தமிழ் மறந்து போச்சு" எண்டு நடிக்கத் துவங்கினா, அறுபத்தெட்டு வயசில என்ர அம்மா "ப்ளீஸ் சொல்லு, ப்ளீஸ் சொன்னாத்தான் தருவன்" எண்டு நிக்கிறதைக் காணக் குடுத்து வைக்கோணும்.

அந்த ப்ளீஸ் பெரிய வில்லங்கம். எங்கட வீட்டுப் பேச்சில அந்தச் சொல்லு தனிய வாறேல்லை, "தாங்கோ" எண்டா அந்த "ங்கோ"வுக்குள்ளயே மரியாதை முடிஞ்சுது. இங்கிலீஷ்ல வினைக்குள்ள மரியாதை இல்லை, வெளியால ஒட்டோணும், ஒட்டாட்டி அதிகாரம் பண்ணுற மாதிரி இருக்கும். அதைப்போல ஒருநாள் அவள் கேட்டாள், "மாமா, அம்மம்மாவையும் யூ, நாய்க்குட்டியையும் யூவோ?" ஓம் எண்டன். கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு "அம்மம்மாக்குக் கோவம் வராதோ" எண்டாள். கல்வியியற் கல்லூரியில மூண்டு வருசம் படிக்கேக்க எனக்கு வராத கேள்வி.

தலையாட்டுறதும் அப்பிடித்தான். எங்கட "ஓம்" தலை பக்கவாட்டில சரியிறது, "இல்லை" நாக்கால ஒரு "ட்ச்". ரெண்டும் அங்கத்தை ரீச்சருக்கு விளங்காது, சரிச்சு ஆட்டினா வேண்டாம் எண்டு நினைச்சுப் பிள்ளையின்ர சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போனாலும் போவா. மேலயும் கீழயும் ஆட்டப் பழக்கினம். பெரியாக்கள் கதைக்கேக்க முகத்தைப் பாக்காமல் குனிஞ்சு நிக்கிறது எங்களுக்கு மரியாதை, அங்க அது கேக்கேல்லை எண்டு அர்த்தம், அதையும் சொன்னம், அது மட்டும் கடைசிவரை சரி வரேல்லை.

இனி எழுத்துக் கதை. ஆடியில மச்சான் ஒரு பேப்பரைப் படம் எடுத்து அனுப்பினார், அங்க ரிசெப்ஷனில முதல் படிப்பிக்கிற எழுத்துகளாம்: எஸ், ஏ, ரி, பி, ஐ, என். ஏ பி சி வரிசையே இல்லை. அதிலயும் எழுத்தின்ர பேரைச் சொல்லக் கூடாது, சத்தத்தைத்தான் சொல்லோணும், அதுதான் ஃபொனிக்ஸ். இருபத்தாறு எழுத்து, ஆனா சத்தம் நாப்பத்துநாலு. எழுத்தின்ர பேரைப் பாடமாக்கி வாசிக்க ஏலாது எண்டது உண்மைதான், டபிள்யூ எண்ட பேருக்கும் அது போடுற சத்தத்துக்கும் என்ன சொந்தம்? நான் ஒரு மாசம் பிள்ளைக்கு அஞ்சரைக்கு எழுப்பிச் சொல்லிக் குடுத்த சாமான் அங்க முதல் கிழமைக்குத் தேவையே இல்லாதது.

அந்தப் பேப்பரோட ஒரு வீடியோவும் வந்தது, அதில ஒரு ரீச்சர் படிச்சுப் படிச்சுச் சொல்லுறா, "ம" எண்டு சொல்லாதேங்கோ, "ம்ம்ம்" எண்டு சொல்லுங்கோ, "ஸ" இல்லை "ஸ்ஸ்ஸ்", பின்னால உயிர்ச் சத்தம் ஒட்டினா பிள்ளைக்குச் சேர்த்து வாசிக்க வராது எண்டு. நான் போனை வைச்சிட்டுச் சிரிச்சன். உயிர்ச் சத்தம் ஒட்டாத எழுத்தைக் காட்ட அந்த மனிசி படுற பாட்டை நாங்கள் ஒரு புள்ளியை வைச்சு முடிச்சிட்டம். ம், ன், ப், ஸ். ப்-உம் இ-யும் சேர்ந்தா பி, இதைத்தான் அவை பிளென்டிங் எண்டு சொல்லுறது, எங்கட அரிவரியில பிள்ளை உயிர்மெய் படிக்கிறதே அதுதானே. முத்தத்து மணலில புள்ளி போட்ட எழுத்துகளா எழுதி ஒவ்வொண்டிலயும் ஒருக்கா குதிக்க விட்டன். ப்-இ-ன், பின். ன்-அ-ப், நப். ரெண்டு கிழமையில மூண்டு சத்தம் சேர்த்து வாசிக்கத் துவங்கிட்டாள், எனக்கே நம்ப ஏலாமல் இருந்தது. "நப்" எண்டா என்ன எண்டு தெரியாது, ஆனா வாசிப்பாள். அது பிழையும் இல்லையாம், அங்க முதலாம் வகுப்பில ஆனி மாசம் ஒரு சோதினை இருக்கு, 2012 இல கொண்டு வந்தது, நாப்பது சொல்லு வாசிக்கோணும், அதில இருபது சும்மா இட்டுக்கட்டின அர்த்தமில்லாத சொல்லு, பக்கத்தில ஒரு பூதத்தின்ர படம் போட்டிருக்கும், பிள்ளை பாடமாக்கிச் சொல்லுதா சத்தம் சேர்த்து வாசிக்குதா எண்டு பிடிக்கிறதுக்கு. எங்கட சோதினை எழுதிற ஆக்களுக்கு இந்தப் புத்தி வந்தா நல்லம்.

எங்கட தமிழ் கை குடுக்காத இடமும் இருக்கு. ப-வுக்கு ரெண்டு சத்தம், எழுத்து ஒண்டு. "பால்" எடுத்துக்கொண்டு வா எண்டு அவள் இங்கிலீஷ்ல கேக்க அம்மம்மா பால்மா கரைச்சுக்கொண்டு வந்து குடுத்தா, அவள் கேட்டது விளையாடுற பந்து. "தம்பி எண்டு சொல்லு, இப்ப தம்-ஐ விட்டிட்டு பி-யை மட்டும் சொல்லு" எண்டு அதைப் பிடிச்சம். ஃபிஷ்ஷுக்குச் சொண்டைக் கடிச்சு ஊதோணும், அது ரெண்டு நாள் பகிடியா முடிஞ்சுது.

ரி-தான் எனக்குப் பெருமை. இந்தியத் தமிழ் ஆக்கள் ரி-யையும் டி-யையும் டகரத்திலயே எழுதுவினம், நாங்கள் ரி எண்டு எழுதுறதைப் பாத்து அவைக்குச் சிரிப்பு. ஆனா எங்கட வாயில "காற்று" "நேற்று" எண்டு சொல்லேக்க அந்த ற்ற பல்லுக்கு மேல முரசில நாக்கு முட்டி வாறது, பாட்டு எண்டேக்க வாற ட்ட மாதிரி நாக்கு மடியாது. இங்கிலீஷ் ரி வாறதும் அதே இடம்தான். அதால மருமகளுக்கு வோட்டர் இல்லை பிள்ளை, காற்று மாதிரி, வோற்றர், எங்க சொல்லு பாப்பம், காற்று, வோற்றர், காற்று, வோற்றர் எண்டு ஒரு மாசம். அவளுக்கு அது சரியா வந்த அண்டைக்கு ஐஸ்கிறீம் வாங்கிக் குடுத்தன்.

இதுக்கிடையில வாறவை போறவை எல்லாரும் ஒரே புத்திமதி: இனி வீட்டில தமிழை விடுங்கோ, பிள்ளையோட இங்கிலீஷ்லயே கதையுங்கோ. தங்கச்சியும் பயத்தில ஒரு கிழமை அப்பிடிச் செய்து பாத்தாள். "கம்", "ஈற்", "ஸ்லீப்", "நோ", இவ்வளவுதான் அவளுக்கு வருது, கதை சொல்லி நித்திரையாக்கிற தாய் திடீரெண்டு பொலிஸ்காரி மாதிரி நாலு சொல்லோட நிண்டா பிள்ளை என்ன செய்யும், ராவில என்னட்ட வந்து "அம்மாக்கு என்னோட கோவமோ மாமா" எண்டு கேட்டாள். அண்டைக்குத் தங்கச்சியோட சண்டை பிடிச்சன். கனடாவில ஜிம் கம்மின்ஸ் எண்டு ஒரு பேராசிரியர், இரண்டாம் மொழி படிக்கிற பிள்ளையளைப் பற்றிக் கனக்க எழுதினவர், விளையாட்டுக் கதை கதைக்க ஒரு ரெண்டு வருசம், பாடம் படிக்கிற அளவுக்கு மொழி வர அஞ்சில இருந்து ஏழு வருசம் எண்டு சொன்னவர், தாய்மொழியில விளங்கினது மற்ற மொழிக்கும் போய்ச் சேரும் எண்டும் சொன்னவர். ஏழு வருச அலுவலை ஒரு கிழமையில முடிக்கப் போறியோ எண்டு கேட்டன். மச்சானும் விசாரிச்சுச் சொன்னார், அங்க பள்ளிக்கூடத்தில வீட்டில உங்கட மொழியையே நல்லாக் கதையுங்கோ எண்டுதான் சொன்னவையாம். நான் ஐஞ்சு நாளாச் சொன்னது காதில ஏறேல்லை, லண்டனில இருந்து வந்தவுடன ஏறிட்டுது.

பாலைப்பழக் காலம் வந்தது. முத்தையன்கட்டுப் பக்கம் காட்டோரம் போய் ஒரு சின்ன வாளி நிறையப் பொறுக்கிக்கொண்டு வந்தம், பால் ஒட்டிச் சொண்டு ரெண்டும் பிசுபிசு எண்டு நிக்க, வாயைத் திறக்க ஏலாமல் சிரிச்சுக்கொண்டு கேட்டாள், "பாலைப்பழத்துக்கு இங்கிலீஷ் என்ன மாமா?" தேடிப் பாத்தன். மனில்காரா எண்டு ஒரு லத்தீன் பேர் இருக்கு, சிங்களத்தில பலு எண்டுவினம், இங்கிலீஷ்காரனுக்கு அந்தப் பழம் இல்லை, பழத்துக்கெண்டு ஒரு இங்கிலீஷ் பேர் எனக்குக் கிடைக்கேல்லை. இல்லை பிள்ளை எண்டன். "அப்ப அங்க இது இல்லையோ?" இல்லை. அண்டைக்கு அவள் பழம் பொறுக்கினதில வாய்க்குப் போனதை விடச் சட்டைப் பொக்கற்றுக்குப் போனது கூட, தங்கச்சி அந்தக் கறையோட ரெண்டு நாள் மல்லுக் கட்டினாள்.

ஆவணி நடுவில விசா வந்துது. கடைசிக் கிழமையளில இங்கிலீஷை முழுசா விட்டிட்டம், சிப் போடவும் சப்பாத்து மாட்டவும் தானே கழுவித் துடைக்கவும்தான் பழக்கினது. கொமட்டில இருக்கப் பயம், உள்ளுக்க விழுந்திடுவன் எண்டு அழுகை, கிளிநொச்சியில ஒரு சாப்பாட்டுக் கடையில கொமட் இருக்கெண்டு அங்க தேத்தண்ணி குடிக்கிற சாட்டில மூண்டு தரம் கூட்டிக்கொண்டு போனம். அங்க சின்ன வகுப்புகளுக்குப் பள்ளிக்கூடத்திலயே மத்தியானச் சாப்பாடு இலவசம், ஆனா முள்ளுக்கரண்டியால சாப்பிடோணும். புட்டோட பழக்க வெளிக்கிட்டது எங்கட பிழை. அவிச்ச உருளைக்கிழங்குக்கு மாறினம்.

இன்னொண்டு, அவளின்ர பேரில ஒரு ழ இருக்கு. அதை அங்க ஒருத்தரும் சொல்லப்போறேல்லை. ல எண்டு கூப்பிடுவினம், ர எண்டு கூப்பிடுவினம், எப்பிடிக் கூப்பிட்டாலும் அது நீதான், திரும்பிப் பார் எண்டு மூண்டு விதமா மாறி மாறிக் கூப்பிட்டுப் பழக்கினன். பேரைச் சுருக்கி வேற பேர் வைப்பம் எண்டு மச்சான் கேட்டவர், அம்மா விடேல்லை, அதில எனக்கும் சம்மதம்தான்.

பள்ளிக்கூடம் துவங்கினது. முதல் நாள் பின்னேரம் தங்கச்சி போன் பண்ணினாள், இஞ்ச இரவு எட்டரை இருக்கும். பிள்ளை அழேல்லையாம், நல்லாச் சாப்பிட்டதாம், ஆனா வாயே திறக்கேல்லையாம். ரெண்டாம் நாளும் அப்பிடித்தான். ஒரு கிழமை, மூண்டு கிழமை. ரீச்சர் ஒண்டும் சொல்லேல்லை, தங்கச்சிதான் இருந்து அழுகிறாள், நீ சொல்லிக் குடுத்தது எங்க போச்சு அண்ணா எண்டு. புது மொழிக்க போய் விழுற பிள்ளையள் கொஞ்சக் காலம் பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பினம், கிழமைக் கணக்கிலும் இருக்கும், மாசக் கணக்கிலும் இருக்கும், புத்தகத்திலயே அதுக்கு மௌன காலம் எண்டு பேர் இருக்கு, பயப்பிடாத எண்டு அவளுக்கு நான் ஒவ்வொரு நாளும் சொன்னன். அவளுக்குச் சொல்லிப்போட்டு எனக்கு நித்திரை வாறேல்லை. ரொய்லெட்டுக்கு மட்டும் கையைப் பிடிச்சு இழுத்துக் காட்டுறவளாம், பத்து வசனத்தில ஒண்டு கூட வாயால வரேல்லை.

ஏழாம் கிழமை, அரைத் தவணை லீவுக்கு முதல் நாள், வரிசையில நிக்கேக்க ஒரு பெடியன் இவளை இடிச்சுக்கொண்டு முன்னுக்குப் போக, கையை நீட்டி "ஸ்ரொப், ஐ டோன்ட் லைக் இற்" எண்டு கத்தினவளாம். முள்ளியவளை முத்தத்தில கத்தின அதே சத்தம், மற்ற வகுப்பு ரீச்சரும் வெளியால வந்து பாத்தவாவாம். அதோட வாய் திறந்தது, பிறகு மூடேல்லை எண்டு தங்கச்சி சொன்னாள், இப்ப அவளுக்கு அதுதான் முறைப்பாடு.

போன ஞாயிறு வட்ஸ்அப்பில வந்தாள். கதைச்சுக்கொண்டு இருந்தவள் இடையில எழும்பி "மாமா நில்லுங்கோ, வோஅ குடிச்சிட்டு வாறன்" எண்டாள். என்ன பிள்ளை? "வோஅ." வோற்றர் எண்டு சொல்லோணுமெல்லே, காற்று, வோற்றர், மறந்து போனியோ எண்டன். "இல்லை மாமா, இஞ்ச எல்லாரும் வோஅ எண்டுதான் சொல்லுறவை. மிஸ்ஸும் வோஅதான்." ஒரு மாசம் நாக்கை முரசில முட்ட வைச்சு நான் குடுத்த ரி, ஈஸ்ட்ஹாமில அதை அப்பிடியே தொண்டைக்க முழுங்கிப் போடுறாங்கள். ஐஸ்கிறீம் காசும் போச்சு.

பக்கத்தில பாக்கு இடிச்சுக்கொண்டு இருந்த அம்மா, போனில பிள்ளையைக் காணேல்லை எண்டு எட்டிப் பாத்து, "என்னவாம் பிள்ளைக்கு?" எண்டு கேட்டா.

"தண்ணி விடாயாம்" எண்டன்.